காதுக்குப் பேட்டரி வேண்டாம்

கம்பியில்லா சென்சாரின் பேட்டரியைத் தின்பது அது அனுப்பும் தகவல் என்றுதான் பலரும் நினைப்பார்கள். பெரும்பாலும் தின்பது காத்திருப்பு. யாராவது கூப்பிடுவார்களா என்று ரேடியோ காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம், பேசும்போது ஆகிற அளவுக்கே மின்சாரம் செலவாகிறது. பல ரேடியோக்களில் அது சுமார் 20 மில்லிஆம்பியர். 2,000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி 100 மணி நேரத்தில், அதாவது நான்கே நாளில் காலி. அதே கருவி ஆழ்ந்து தூங்கினால் 1 மைக்ரோஆம்பியர் போதும். கணக்குப்படி 200 ஆண்டுக்கு மேல் தாங்கும். அதற்கு வெகு முன்னரே பேட்டரி தானாக வடிந்துவிடும் என்பது வேறு கதை.

சரி, தூங்கும் கருவியை எழுப்புவது எப்படி? வழக்கமான வழி கோழித்தூக்கம். நொடிக்கு ஒருமுறை 10 மில்லிநொடி விழித்துப் பார்த்துவிட்டு, அழைப்பு இல்லையென்றால் மறுபடி படுத்துவிடும். நான்கு நாள் ஆயுள் ஓராண்டைத் தாண்டும். ஆனால் மாதம் ஒருமுறை மட்டுமே கூப்பிடப்படும் கருவி, அந்த ஒரு அழைப்புக்காகச் சுமார் 26 லட்சம் முறை விழிக்க வேண்டியிருக்கிறது!

இங்கேதான் சரக்குப் பெட்டிகளில் ஒட்டும் ஆர்எஃப்ஐடி டேக் (ரேடியோ அலையால் அடையாளம் காட்டும் சிறு சில்லு) கைகொடுக்கிறது. அதில் பேட்டரியே கிடையாது. டேக்கைக் கூப்பிடும் கருவியான ரீடர் அனுப்பும் 860–960 மெகாஹெர்ட்ஸ் அலை ஆன்டெனாவில் பட்டதும் சிறு மாறுதிசை மின்னழுத்தம் எழும். டையோடுகளும் மின்தேக்கிகளும் அதை நேர்திசையாக்கிப் படிப்படியாக உயர்த்தும். சில பத்து மைக்ரோவாட் கிடைத்தாலே சிப் உயிர்பெற்று, அலையில் பொதிந்து வந்த எண் தன்னுடையதுதானா என்று ஒப்பிடும். ஆமென்றால் ஒரே ஒரு கம்பியில் மின்னழுத்தத்தை உயர்த்தும். கம்பியின் மறுமுனை, சென்சாரின் மூளையாகிய, தூங்கும் மைக்ரோகன்ட்ரோலரில் இருக்கிறது. அது விழித்துப் பிரதான ரேடியோவை இயக்கும். வேலை முடிந்ததும் மீண்டும் உறக்கம். எண்ணை ஒப்பிடாமல் விட்டால், ஒருவரைக் கூப்பிட ஊரே எழுந்து வரும்.

சிக்கல் தொலைவுதான். தொலைவு இரு மடங்கானால் வந்து சேரும் திறன் நான்கில் ஒரு பங்காகிவிடும். 1 வாட் ரீடரால் சுமார் 10 மீட்டருக்குள் இருப்பதைத்தான் எழுப்ப முடியும். வண்டியோ ட்ரோனோ பக்கத்தில் வந்து கூப்பிடும் இடங்களுக்கே இது தோது.

கூடுதல் தொலைவு வேண்டுமென்றால் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும்: பேட்டரியிலிருந்து சில மைக்ரோஆம்பியர் மட்டும் கொடுத்து டேக்கின் சிப்பை எப்போதும் விழிப்பில் வைப்பது. எனக்கு இதுவே நடைமுறைக்கு ஏற்றதாகப் படுகிறது. வருகிற அலை இனி சிப்புக்குச் சோறு போட வேண்டியதில்லை, செய்தியைச் சேர்த்தால் போதும். அதனால் முன்பு எட்டாத மெலிந்த அலையும் காதில் விழுகிறது.