மேயரிடம் மனுவா, பகுதி சபையா? சென்னையில் எதற்கு எந்த வழி

சென்னை மாநகராட்சியின் 2023-24 பட்ஜெட்டில் மேயர் பிரியா அறிவித்த ‘மக்களைத் தேடி மேயர்’ திட்டம், அந்த ஆண்டு மே மாதம் ராயபுரம் மண்டலத்தில் தொடங்கியது. மேயர் மண்டலம் மண்டலமாகப் போய், அதிகாரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நேரடியாக மனு வாங்குவார். குப்பை எடுக்கவில்லை, விளக்கு எரியவில்லை என்பதற்கெல்லாம் இந்த முகாம் வரை காத்திருக்க வேண்டாம். மாநகராட்சியின் புகார் எண் 1913-க்கு ஒரு போன் போதும். சரிசெய்யாமலே ‘முடிந்தது’ என்று மூடப்பட்ட புகார், மாதக்கணக்கில் நகராத சொத்து வரிப் பெயர் மாற்றம், இரண்டு அலுவலகங்கள் மாறி மாறித் தள்ளிவிடும் பிரச்சினை ஆகியவற்றைத்தான் மேயரிடம் கொண்டுபோக வேண்டும்.

மனு வீணாவதற்கு முதல் காரணம், அது மாநகராட்சி வேலையே இல்லை என்பது. தெருவிளக்கு, உட்புறச் சாலை, குப்பை, மழைநீர் வடிகால், பூங்கா, சொத்து வரி, பிறப்பு இறப்புச் சான்றிதழ் ஆகியவை மாநகராட்சி. குடிநீரும் பாதாளச் சாக்கடையும் சென்னைக் குடிநீர் வாரியம் (மெட்ரோ வாட்டர்). அதற்கு எண் 1916. பட்டாவும் ரேஷன் கார்டும் மேயர் கையில் இல்லை. வாங்கிக்கொள்வார்கள், உரிய துறைக்கு அனுப்பியும் வைப்பார்கள், அத்தோடு சரி.

சிக்கல் அதிகம் வருவது வடிகாலில்தான். மழையே இல்லாத மார்ச் மாதத்தில் மழைநீர் வடிகாலில் தண்ணீர் ஓடுகிறதென்றால் அது கழிவுநீர். யாரோ வீட்டு இணைப்பைத் திருட்டுத்தனமாக அதில் விட்டிருப்பார்கள், அல்லது அடைத்துக்கொண்ட பாதாளச் சாக்கடை பொங்கி உள்ளே இறங்குகிறது. கார்ப்பரேஷன் ஏ.இ.யிடம் (உதவிப் பொறியாளர்) சொன்னால் “கழிவுநீர், மெட்ரோ வாட்டரைப் பாருங்க” என்பார். அங்கே போனால் “வடிகால் கார்ப்பரேஷனுது” என்பார்கள். இரண்டும் உண்மை என்பதுதான் கொடுமை! ஆகவே மனுவில் ‘சுத்தம் செய்து தரவும்’ என்று எழுதாமல், ‘இரு துறை உதவிப் பொறியாளர்களும் ஒரே நாளில் கூட்டு ஆய்வு செய்து, கழிவுநீர் எங்கிருந்து கலக்கிறது என்று கண்டறிய வேண்டும்’ என்று கேளுங்கள்.

ஒரு மனுவுக்கு ஒரே பிரச்சினை. ஐந்து குறைகளை ஒரே தாளில் எழுதினால் அது ஒரே ஒரு அலுவலரிடம் போகும். மற்ற நான்கும் அங்கேயே தூங்கும். வட்ட (வார்டு) எண், தெரு, எந்த வீட்டு எண்ணிலிருந்து எந்த எண் வரை என்பதைக் குறிப்பிடுங்கள். விளக்கென்றால் கம்பத்தில் எழுதியிருக்கும் எண், சொத்து வரியென்றால் ரசீதில் உள்ள மண்டலம், வட்டம், பில் எண், உப எண் வேண்டும். பழைய 1913 புகார் எண்ணையும் தேதியையும் சேர்த்தால் மனுவின் கனம் கூடும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

புதுச் சாலை, புதுப் பூங்கா என்றால் கதை வேறு. மாநகராட்சியின் நிர்வாக அதிகாரம் ஆணையரிடம் இருக்கிறது. மேயர் மாமன்றத்தின் தலைவர். அவர் மனுவில் குறிப்பெழுதினாலும் மதிப்பீடு, நிதி ஒதுக்கீடு, டெண்டர் என்று படியேறித்தான் வேலை வரும். இந்த மாதிரித் தேவைகளுக்குப் பகுதி சபைதான் சரியான இடம். பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

கிராம சபையின் நகர வடிவம் இது. இதற்கான விதிகள் 2022-ல் வந்தன; அந்த ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று, தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதல்வர் ஸ்டாலின் கலந்துகொண்டார். சென்னையின் 200 வட்டங்களும் தலா 10 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள யாரும் உட்கார்ந்து பேசலாம். கவுன்சிலர்தான் கூட்டத்தைக் கூட்ட வேண்டும். ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 என்று நாட்களும் குறித்திருக்கிறார்கள். எந்த வேலை முதலில், எது அடுத்து என்று வரிசைப்படுத்தி, அந்த வட்டத்துக்கான வார்டு குழுவுக்கு அனுப்புவது இதன் முக்கிய வேலை.

நடைமுறையில், பத்துப் பேரைக் கூட்டி, கையெழுத்து வாங்கி, போட்டோ எடுத்து முடித்துவிடும் கூட்டங்களும் உண்டு. அதனால் நாளுக்கு இரண்டு வாரம் முன்பே கவுன்சிலர் அலுவலகத்தில் இடத்தையும் நேரத்தையும் கேட்டு வையுங்கள். தெருவுக்கு நாலு பேராவது போங்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடும் முன், நீங்கள் சொன்னது கூட்டப் பதிவில் ஏறியிருக்கிறதா என்று வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வாயால் சொன்னது கணக்கில் வராது.

மேயரிடம் கொடுத்த மனுவுக்கு இரண்டு மாதமாகியும் பதில் இல்லையென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மாநகராட்சிப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்டால் மழுப்பலாகத்தான் வரும். மனு எந்தத் தேதியில் எந்த அலுவலருக்குப் போனது, அவர் என்ன குறிப்பு எழுதினார் என்று கேட்டு, அந்தப் பக்கத்தின் நகலையும் கேளுங்கள்.