திரெட்: நூலா, புரியா, இழையா?

"8 கோர்கள், 16 நூல்கள்." கணினிக் கடைகளில் கொடுக்கிற தமிழ் விவரத்தாள்களில் இந்த வரி இப்போது சாதாரணமாகிவிட்டது. கணினியைப் பற்றித் தமிழில் பேசுகிற காணொளிகளிலும் அதே நூல்தான். திரெட் என்ற ஆங்கிலச் சொல்லை இயந்திரம் நூல் என்று மொழிபெயர்த்துக் கொடுத்ததை யாரும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துக்கூடப் பார்க்கவில்லை என்பது தெரிகிறது. நூல் விலை ஏறினால் ஊரே பேசுகிற திருப்பூரில், சோமனூரில், பல்லடத்தில் இதைப் படிக்கிறவர் என்ன நினைப்பார்? எந்த நம்பர் நூல் என்று கேட்டால் பதில் உண்டா?

இன்னொரு பக்கம், கல்லூரிகளில் கலைச்சொல் பட்டியல் தயாரிக்கிறவர்கள் திரெட்டைப் 'புரி' என்று எழுதச் சொல்கிறார்கள். பல புரிகள் சேர்ந்து ஓடினால் 'பல்புரியாக்கம்'. நூல் என்பது கவனக்குறைவால் வந்தது, சொன்னால் திருத்திவிடலாம். புரி அப்படியல்ல, யோசித்து, காரணம் சொல்லி வைத்த பெயர். அதனால் எனக்கு வழக்கு அதனோடுதான்.

முதலில் பொருள். ஒரு நிரல் ஓடும்போது அதிலுள்ள கட்டளைகளை ப்ராசஸர் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துச் செய்துகொண்டே போகிறது. விடாமல் தொடரும் அந்த ஒரு வரிசைதான் திரெட். (ப்ராசஸரைச் செயலி என்று எழுதலாம்தான். ஆனால் கைபேசியில் இறக்குகிற ஆப்புக்கும் செயலி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தக் குழப்பம் தீரும்வரை ப்ராசஸர் என்றே எழுதுகிறேன்.) ஒரே நிரலுக்குள் இப்படிப் பல வரிசைகள் ஒரே சமயத்தில் நடக்கலாம். இணைய உலாவியில் ஒன்று பக்கத்தைத் திரையில் வரையும், இன்னொன்று வலையிலிருந்து தரவை வாங்கிக்கொண்டிருக்கும், மற்றொன்று நீங்கள் எந்த விசையை அழுத்துகிறீர்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும். எல்லாவற்றுக்கும் நினைவகம் பொது. ஆனால் எந்தக் கட்டளை வரை வந்திருக்கிறோம் என்ற கணக்கும், இடைக்கால மதிப்புகளை வைத்துக்கொள்ளும் அடுக்கும் ஒவ்வொன்றுக்கும் தனி. இது மென்பொருள் பக்கத்துத் திரெட்.

விவரத்தாளில் வருவது வன்பொருள் பக்கத்தது. கோர் என்பது ப்ராசஸருக்குள் கட்டளைகளைச் செய்கிற தனி அலகு. ஒரு கோருக்குள்ளேயே இரண்டு வரிசைகளின் கணக்கை வைத்துக்கொள்ள இடம் கொடுத்தால், ஒரு வரிசை நினைவகத்திலிருந்து தரவு வரட்டும் என்று காத்திருக்கும் நேரத்தில் மற்றது வேலையைப் பார்க்கும். விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளத்தின் கண்ணுக்கு அந்த ஒரு கோர் இரண்டாகத் தெரியும். இன்டெல் இதை 2002-இல் ஹைப்பர் திரெடிங் என்ற பெயரில் முதலில் சர்வர்களுக்கான ஜியான் ப்ராசஸரிலும், அந்த ஆண்டு முடிவதற்குள் பென்டியம் 4-இலும் கொண்டுவந்தது. சில்லின் பரப்பில் ஏறக்குறைய 5 சதவீதம்தான் கூடியது. சில வேலைகளில் வேகம் 30 சதவீதம் வரை கூடும் என்றார்கள்.

சொல்லின் கதை சின்னது. ஆங்கிலத்தில் திரெட் என்பதன் வேர்ப்பொருள் முறுக்குவது. ஜெர்மனில் கம்பியைக் குறிக்கும் 'டிராட்' அதன் உடன்பிறப்பு. கணினிக்குள் அந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர் விக்டர் விஸாட்ஸ்கி என்று ஜெரோம் சால்ட்சர் 1966-இல் தம்முடைய எம்.ஐ.டி. ஆய்வேட்டில் குறித்து வைத்திருக்கிறார். 1995-இல், யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொது விதிகளாகிய போசிக்ஸ் தரத்தில் அது ஏறியது. அவ்வளவுதான்.

நூலை ஏன் தள்ளுகிறேன் என்பதற்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டு போதும். நிரலாளர்கள் எடுத்துப் பயன்படுத்துகிற ஆயத்த நிரல்தொகுப்பை நூலகம் என்று தமிழில் வெகுநாளாக எழுதிவருகிறோம். திரெட்டுகளைக் கையாள்வதற்கென்றே ஒரு தொகுப்பு உண்டு. அதை இந்த மொழிபெயர்ப்பு 'நூல் நூலகம்' ஆக்குகிறது. நூல் என்றால் புத்தகம், நூலகம் என்றால் புத்தகம் இருக்கும் இடம். படிக்கிறவர் வேறு எங்கே போவார்? தவிர, நூல் என்பது நூற்று முடிந்து கோனில் சுற்றி விலைக்கு வருகிற சரக்கு. கிலோவில் எடைபோடுவது, ஒன்று இரண்டு என்று எண்ணுவதில்லை. கணினியில் நமக்கு வேண்டியதோ எண்ணக்கூடிய ஒன்று.

இப்போது புரி. அந்தத் தரப்பின் வாதத்தைக் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன். புரிதல் என்றால் முறுக்குதல். ஆங்கிலச் சொல்லின் வேரும் முறுக்குதல். முப்புரி நூல் என்ற பழைய வழக்கு இருக்கிறது. ஆகவே வேருக்கு வேர் பொருந்துகிறது, தூய தமிழ், இரண்டே எழுத்து. காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல முடியாது.

ஆனால் ஆங்கிலச் சொல் ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் எதிலிருந்து பிறந்தது என்பதையா நாம் மொழிபெயர்க்கிறோம்? விஸாட்ஸ்கி காலத்து ஆட்கள் அந்தச் சொல்லை எடுத்தபோது முறுக்குவதை மனத்தில் வைத்து எடுக்கவில்லை. அறாமல் நீள்கிற ஒற்றைத் தொடர்ச்சி, அதைப் பிடித்துக்கொண்டே போகலாம் என்பதுதான் அவர்களுக்குத் தேவைப்பட்டது. வேரைப் பார்த்துப் பொருளை விட்டுவிடுவது கலைச்சொல் ஆக்குகிறவர்களுக்கு ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது.

முறுக்குதான் இங்கே பெரிய தவறு. மூன்று புரிக் கயிற்றைப் பாருங்கள். ஒவ்வொரு புரியும் மற்ற இரண்டின்மேல் ஏறிச் சுற்றி அழுந்தி நிற்கிறது. ஒன்றைத் தனியே உருவ முடியாது, உருவினால் கயிறு இல்லை. எது எதன்மேல் எந்த இடத்தில் வரும் என்பது முறுக்கும்போதே முடிவாகிவிடுகிறது. நிரலுக்குள் நடப்பது இதற்கு நேர்மாறு. எந்த வரிசை முதலில் ஓடும், எது எங்கே நிறுத்தப்படும் என்பதை இயங்குதளத்தின் அட்டவணையாளன் அந்தந்தக் கணத்தில் முடிவு செய்கிறது. லினக்ஸில் அந்த முடிவெடுக்கும் முறையையே 2023-இல் 6.6 பதிப்பில் மாற்றினார்கள். அதுவரை 2007-இலிருந்து வேறு முறை இருந்தது. நிரலை எழுதியவர் ஒரு வரிகூடத் தொடாமலே அவருடைய வரிசைகள் ஓடும் ஒழுங்கு மாறிவிடலாம். முன்பின் ஒழுங்கு உறுதியில்லை என்பதால்தான் இந்தத் துறையின் பாதித் தலைவலி வருகிறது: இரண்டு வரிசைகள் ஒரே கணக்கை ஒரே நேரத்தில் திருத்தி, ஒன்றின் திருத்தம் காணாமல் போவது. புரி என்று கற்றுக்கொண்ட மாணவனின் மனத்தில் கயிறு வரும். கயிற்றில் இந்தச் சிக்கல் வருவதற்கு வழியே இல்லை.

நான் சொல்வது இழை. தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. ஒரே பீமிலிருந்து ஆயிரக்கணக்கான இழைகள் பக்கம் பக்கமாக வருகின்றன. ஒவ்வொன்றும் தன் விழுதுக் கண்ணில் தனியாக நுழைந்து ஏறி இறங்குகிறது. அறுந்தால் அந்த ஒன்றைத் தேடிப் பிடித்துப் பிணைக்கிறார்கள். "நூல் அறுந்து போச்சு" என்று பட்டத்துக்குச் சொல்வார்கள். தறியில் நிற்கிறவர் சொல்வது "இழை அறுந்து போச்சு". பலவற்றில் ஒன்று, தனியே எண்ணக்கூடியது, தனியே அறக்கூடியது, ஆனால் பொதுவான ஒன்றின்மேல் ஓடுவது என்றால் இந்தக் கொங்குச் சீமையில் அதற்குப் பெயர் இழை.

புரிக்கு இன்னும் இரண்டு இடைஞ்சல். ஒன்று, பேச்சில் அது புரியாகவே நிற்காது. வைக்கோலில் முறுக்குவதை எங்கள் பக்கம் பிரி என்றுதான் சொல்கிறோம், கயிற்றுக்கும் பிரிதான். வகுப்பில் ஆசிரியர் 'பிரிகள்' என்று சொன்னால் கணினியின் வன்வட்டைப் பிரித்து வைக்கிற பிரிவுகளைப் பற்றிப் பேசுகிறார் என்றே பையன்கள் எழுதிக்கொள்வார்கள். இரண்டாவது, எழுத்தில் புரி என்பது வினையாகவே கண்ணில் படும். "இந்தப் புரி புரியும் பணி" என்று ஒரு பாடக்குறிப்பில் வந்தால் எது பெயர், எது வினை? உதவி புரி, குற்றம் புரி, எனக்குப் புரியவில்லை என்று அன்றாடம் புழங்குகிற சொல்லின் தலையில் இன்னொரு சுமையை ஏன் ஏற்ற வேண்டும்? தூய்மை எனக்கும் வேண்டும். படித்ததும் விளங்கவும் வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்கிறபோது ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போவது எனக்குச் சம்மதமில்லை.

இழையும் தமிழ்தான், புரியைவிட எந்த வகையிலும் குறைந்த தமிழ் அல்ல. நன்னூல் பாயிரத்திலேயே இருக்கிறது: "பஞ்சிதன் சொல்லாப் பனுவல் இழையாக". சொற்கள் பஞ்சு, அவற்றை வரிசையாக நூற்று எடுத்த பனுவல் இழை. அதை எழுதிய பவணந்தி முனிவரைப் பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று எங்கள் பக்கம் சொல்வது வழக்கம். அந்த ஊர்ப்பெருமையை விடுங்கள், உவமையைப் பாருங்கள். சொல்லை அடுத்துச் சொல் வந்து ஒரு தொடர்ச்சி ஆவதை இழை என்கிறார். கட்டளையை அடுத்துக் கட்டளை வந்து ஒரு தொடர்ச்சி ஆவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை எங்கே போய்த் தேடுவது?

சந்தையிலும் அது உயிரோடு இருக்கிறது. ஈரிழைத் துண்டு வாங்காத வீடு உண்டா? இரண்டு இழை சேர்த்து நெய்தால் ஈரிழை என்று துண்டு விற்கிறவரும் வாங்குகிறவரும் சொல்கிறார்கள். யாரும் அகராதியைப் பார்த்துச் சொல்லவில்லை. ஒரு கோரில் இரண்டு வரிசை ஓடினால் அது ஈரிழைக் கோர். ஒன்றே ஓடினால் ஓரிழைக் கோர். பல என்றால் பல்லிழை. சொல்லிப் பாருங்கள், வாயில் தங்கும்.

கோர் வேறு, இழை வேறு என்ற பிரிப்பு இப்போது முன்னைவிட அவசியமாகிவிட்டது. கோரின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கினால் இழை என்ற பழைய கணக்கு எல்லாவற்றுக்கும் ஓடவில்லை. 2021-இல் வந்த இன்டெலின் 12900கே ப்ராசஸரில் பெரிய கோர் 8, சிறிய கோர் 8. பெரியவை ஈரிழை, சிறியவை ஓரிழை. ஆக 16 கோர், 24 இழை. 2024-இல் வந்த 285கே-யில் பெரிய கோர்களுக்கும் ஹைப்பர் திரெடிங்கை எடுத்துவிட்டார்கள்; 24 கோர், 24 இழை. அதற்கு முந்தைய 14900கே-யிலோ 24 கோருக்கு 32 இழை. அதே 2024-இல் போட்டி நிறுவனமான ஏ.எம்.டி.-யின் ரைசன் 9950எக்ஸ் பழைய கணக்குப்படியே 16 கோருக்கு 32 இழையோடு வந்தது. இன்டெலின் இழை எண் 32-இலிருந்து 24 ஆகக் குறைந்திருப்பதைப் பார்த்துப் புதியது பழையதைவிட மட்டம் என்று முடிவுகட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கோருக்கும் இழைக்கும் என்ன வேறுபாடு என்று தெளிவாக எழுதியிருந்தால் அந்தத் தவறு வராது. விவரத்தாளில் நூல் என்று எழுதிவிட்டு வாடிக்கையாளருக்கு விளங்கவில்லை என்று சொல்வது நியாயமில்லை.

மொழிபெயர்க்கிறவர்களிடம் எனக்குள்ள குறை இதோடு முடியவில்லை. திரெட் சேஃப் என்பதை 'நூல் பாதுகாப்பானது' என்று எழுதுகிறார்கள். நூலுக்கு என்ன ஆபத்து? பல இழைகள் ஒரே நேரத்தில் வந்து தொட்டாலும் கணக்குத் தப்பாத நிரல் என்பது அதன் பொருள். 'பல்லிழை தாங்கும்' என்று எழுதினால் தீர்ந்தது. திரெட் பூல் என்பது 'நூல் குளம்' ஆகிவிட்டது. வேலை வந்ததும் கொடுக்க முன்கூட்டியே உண்டாக்கி வைத்திருக்கிற இழைகள் அவை. மில்லில் இருப்பு என்று சொல்வதில்லையா, அதுபோல இழை இருப்பு என்றால் போதும். ஒரு திரெட்டை நிறுத்துவதற்கு 'நூலைக் கொல்' என்று எழுதுகிறார்கள். இழையை அறு என்றால் யாருக்கு விளங்காது? ஹைப்பர் திரெடிங் என்பதை மட்டும் தமிழாக்க வேண்டாம். அது ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர். 'அதிநூலாக்கம்' என்று மாற்றிவிட்டால் அதைத் தேடுகிறவர் எங்கும் கண்டுபிடிக்க முடியாது.

பைதான் என்ற நிரல்மொழியைப் படிக்கிற பிள்ளைகளுக்கும் இது உடனடியாகத் தேவைப்படுகிறது. அந்த மொழியில் பல இழைகளை உண்டாக்கலாம், ஆனால் ஒரு பொதுப் பூட்டு காரணமாக ஒரு நேரத்தில் ஓர் இழைதான் பைதான் கட்டளைகளை ஓட்ட முடியும் என்ற நிலை வெகுகாலம் இருந்தது. 2024 அக்டோபரில் வந்த 3.13-இல் அந்தப் பூட்டு இல்லாத பதிப்பைச் சோதனையாக வெளியிட்டார்கள். ஜாவா என்ற நிரல்மொழியில் 2023-இல் 21-ஆம் பதிப்போடு மெய்நிகர் இழைகள் (ஜாவாவே பார்த்துக்கொள்கிற இலேசான இழைகள்) வந்தன. இவற்றையெல்லாம் தமிழில் விளக்க உட்காருகிறவர் முதல் வரியிலேயே சொல்லில் தடுக்கி விழக்கூடாது.

இழைக்கு எதிராக நியாயமான ஒரு கேள்வி உண்டு. ஃபைபரையும் இழை என்கிறோமே, கண்ணாடி இழை, ஒளியிழை என்று? ஒளியிழை எப்போதும் ஒளியோடு சேர்ந்தே வரும், குழப்பமில்லை. ஆனால் விண்டோஸில் திரெட்டும் உண்டு, ஃபைபர் என்று தனியாக ஒன்றும் உண்டு. திரெட்டை மாற்றி மாற்றி ஓட்டுவது இயங்குதளம். ஃபைபரை எப்போது மாற்றுவது என்பதை நிரலே பார்த்துக்கொள்ளும். ஒரு திரெட்டுக்குள் பல ஃபைபர்கள் இருக்கலாம். அங்கே இரண்டையும் இழை என்று எழுத முடியாது. ஃபைபருக்கு நார் என்று வைத்துக்கொள்ளலாம். இழைக்குள் நார் என்பது பொருளுக்கும் ஒத்துவருகிறது. இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் அதை எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கமில்லை. திரெட்டுக்கு மட்டும் இழையை விட்டுக்கொடுக்க மாட்டேன்.