வைரத்துக்குள் ஒரு காலி இடம்

தூய்மையான வைரத் துண்டு ஒன்றின் மேல் பச்சை லேசரைப் பாய்ச்சி, திரும்பி வரும் பச்சையை வடிகட்டிவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், இருட்டில் அங்கங்கே சிவப்புப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு பழுது: கார்பன் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு நைட்ரஜன் அணு, அதை ஒட்டி ஓர் அணு இல்லாத காலி இடம். இந்த ஜோடியை என்வி (நைட்ரஜன்-வேகன்சி, அதாவது நைட்ரஜன்-காலியிடம்) மையம் என்கிறார்கள். தனியொரு மையத்தை முதலில் பிரித்துப் பார்த்தது 1997இல், ஜெர்மனியில்.

காலி இடத்தைச் சுற்றி ஆறு எலெக்ட்ரான்கள் தங்குகின்றன. அவற்றில் ஜோடி சேராத இரண்டும் சேர்ந்து ஒரு குட்டிக் காந்தம்போல நடந்துகொள்ளும். இதுதான் ஸ்பின். (பம்பரத்தை நினைக்க வேண்டாம், அங்கே எதுவும் சுழலவில்லை.) அதற்கு 0, +1, -1 என மூன்று நிலைகள். 0 கீழே இருக்கிறது. மற்ற இரண்டுக்கும் ஏற்றிவிட 2.87 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலை போதும்.

சரி, ஓர் அணு அளவுக் காந்தம் எந்த நிலையில் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பச்சை ஒளி எலெக்ட்ரானை மேலே தூக்கும். 0 நிலையிலிருந்து போனது பெரும்பாலும் சிவப்பு ஒளியை விட்டுவிட்டு வந்த வழியே இறங்கிவிடும். +1 அல்லது -1இலிருந்து போனதற்கு ஒரு பக்கவழி உண்டு. அதில் நுழைந்தால் சிவப்பு வராது, சில நூறு நானோநொடி மாட்டிக்கொள்ளும். அதனால் புள்ளி கொஞ்சம் மங்கும். பக்கவழியிலிருந்து வெளியே வருவது பெரும்பாலும் 0இல்தான். ஆக ஒரே லேசர் நிலையைப் படித்துக் காட்டுகிறது, அடுத்த சுற்றுக்காக அழித்தும் வைக்கிறது.

காந்தப்புலம் பட்டால் +1, -1 இரண்டும் விலகும். நுண்ணலையின் அதிர்வெண்ணை மெல்ல மாற்றிக்கொண்டே வந்தால், ஒரே மங்கல் இரண்டாகப் பிரியும். மையத்தின் அச்சுக்கு நேராக இருந்தால், பூமியின் காந்தப்புலமே சுமார் 3 மெகாஹெர்ட்ஸ் பிரித்துவிடும். அணு அளவில் ஒரு காந்தமானி!

நிலையைப் புரட்டும் நுண்ணலையைப் பாதி நேரத்தில் நிறுத்தினால், ஸ்பின் 0, +1 இரண்டிலும் சேர்ந்தே இருக்கும். இந்த மேற்பொருந்தல் லேசில் கலைந்துவிடும். பல குவாண்டம் கருவிகளை அதனால்தான் உறைய வைக்கிறார்கள். வைரத்தின் அணுக்கட்டு மிக விறைப்பானது, அறை வெப்பத்திலும் அதிர்வு குறைவு. வைரத்தில் பெரும்பாலும் இருக்கும் கார்பன்-12 அணுக்கருவுக்கு ஸ்பினும் இல்லை. தொந்தரவு கொடுப்பது, ஸ்பின் உள்ள 1.1 சதவீத கார்பன்-13தான். அதைக் குறைத்த வைரத்தில் அறை வெப்பத்திலேயே ஒரு மில்லிநொடிக்கு மேல் தாக்குப்பிடித்திருக்கிறது.

ஆனால் இரு வைரங்களைப் பின்னலாக்க, அதாவது தள்ளித் தள்ளி இருக்கும் இரண்டு ஸ்பின்களை ஒரே குவாண்டம் நிலையில் பிணைக்க, அந்தச் சலுகை போதாது. இரண்டும் விடும் ஃபோட்டான்கள் (ஒளித் துகள்கள்) அச்சு அசலாக ஒன்றுபோல இருக்க வேண்டும். மிச்சமிருக்கும் அதிர்வே அதைக் கெடுத்துவிடும். 2015இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட்டில், 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் இருந்த இரு வைரங்களை மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர்வித்து அதைச் செய்தார்கள். வழியில் ஃபோட்டான்கள் தொலைந்துகொண்டே இருந்தன. 220 மணி நேரம் ஓட்டியதில் கைக்கு வந்தது 245 தடவை.