மாட்டுக்கொட்டகைக்குக் கரண்ட் இழுக்கும் முன்: எர்த் பற்றி விதி சொல்வது என்ன?

வீட்டுப் பிளக்கிலிருந்து இரண்டு வயரை மரத்தின் மேல் போட்டு, கொட்டகையில் ஒரு பல்பும் தீவனம் நறுக்கும் மெஷினும் ஓட்டுவது நம் கிராமங்களில் சாதாரணம். கசியும் கரண்டைத் தரைக்குக் கடத்தும் மூன்றாவது வயரான எர்த் அங்கே போவதே இல்லை. சாணமும் கோமியமும் ஊறிய ஈரத் தரை, இரும்புத் தூண், அதில் சங்கிலியால் கட்டிய மாடு. வீட்டைவிட எர்த் அதிகம் தேவைப்படுகிற இடம் இதுதான். மாட்டின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி அதிகம் என்பதால், தரையில் பரவும் மின்கசிவு மனிதனைவிட மாட்டைத்தான் எளிதில் சாய்க்கும்.

இதற்கான அடிப்படை விதிகள் மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளில் இருக்கின்றன. 2010ல் வந்தவை, 2023ல் புதுப்பிக்கப்பட்டன. அவற்றில் பலருக்குத் தெரியாத ஓர் உரிமை உண்டு: மின்சாரம் உங்கள் இடத்துக்குள் வரும் முனையில், நீங்கள் பயன்படுத்திக்கொள்ள ஓர் எர்த் முனையை அமைத்துப் பராமரிக்க வேண்டியது மின்சாரம் தருபவரின் பொறுப்பு. 250 வோல்ட்டுக்கு மேற்பட்ட இணைப்பு, அதாவது த்ரீ பேஸ் என்றால், அதோடு உங்கள் சொந்த எர்த்தும் தனியாக இருக்க வேண்டும்.

வீட்டிலிருந்து தள்ளி நிற்கும் கொட்டகைக்கு மெயின் போர்டில் தனி எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) வைத்து, பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றையும் சேர்த்தே கொண்டுபோங்கள். எர்த்துக்குப் பச்சை வயர். கொட்டகையிலும் மொத்தக் கரண்டையும் நிறுத்த ஒரு மெயின் சுவிட்ச் வேண்டும். தூண், தகரக் கூரை, தண்ணீர்க் குழாய் என்று மாடு உரசும் இரும்பு எல்லாவற்றையும் எர்த்தோடு இணைத்துவிடுவது நல்லது.

எர்த் இல்லாத இடத்தில் த்ரீ பின் பிளக்குக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் சின்ன வயரால் இணைத்துவிட்டுப் போகிற பழக்கம் ஒன்று உண்டு. தயவுசெய்து இதை அனுமதிக்காதீர்கள். எங்கோ நியூட்ரல் அறுந்தால், மெஷினின் இரும்பு உடல் முழுவதும் அப்படியே 230 வோல்ட் ஏறி நிற்கும். மெஷினில் எந்தப் பழுதும் இருக்காது. தொட்டவர் உயிர் போகும்.

"குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு பைப் இறக்கிவிட்டேன், அது போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. எர்த் அமைப்பதற்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 3043 சொல்வது, குறைந்தது 38 மி.மீ. உள்விட்டமும் 2.5 மீட்டர் நீளமும் உள்ள ஜி.ஐ. பைப். சரியாகவே இறக்கினாலும் வறண்ட மண்ணில் எர்த் தடை 20 ஓம் இருந்தால், பழுதில் 11.5 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு விழாது. மெஷின் உடலில் கரண்ட் நின்றுகொண்டே இருக்கும். ஆகவே எர்த்தோடு, சிறு மின்கசிவுக்கே கரண்டை நிறுத்திவிடும் ஆர்.சி.சி.பி. கட்டாயம் தேவை. கடையில் பலர் ஈ.எல்.சி.பி. என்றே கேட்பார்கள். வீட்டு இணைப்புக்கு அது 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள் விழ வேண்டும் என்கிறது விதி. 100, 300 என்று எழுதியதை வாங்கிவராதீர்கள். தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையமும் புதிய இணைப்புகளுக்கு இந்தக் கருவியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதிலுள்ள 'டெஸ்ட்' பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். உடனே விழவில்லை என்றால் மாற்றிவிடுங்கள்.

இந்த வேலையை, அரசு உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலம், தகுதிச் சான்று பெற்றவரின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். கூலி கொஞ்சம் கூடும். முடிந்ததும் எர்த் தடையை மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். அளக்காமல் "எல்லாம் சரி" என்றால் ஏற்காதீர்கள். மோட்டார் ஏதாவது புதிதாகச் சேர்ப்பதால் அனுமதிக்கப்பட்ட மின்பளுவைத் தாண்டினால், கூடுதல் பளுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

ஷாக் அடித்து மாடு இறந்தாலும் அது சட்டப்படி விபத்துதான். மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 161 மனித உயிரோடு கால்நடை உயிரையும் சேர்த்தே சொல்கிறது. சடலத்தை அப்புறப்படுத்தும் முன் மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கும் மின் ஆய்வாளருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். அவசரத்துக்கு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987.