சொல் விளக்கம்: விசுவாசம்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் விசுவாசம் என்றால் முதலில் மனதில் வருவது நன்றி மறவாமை. பர்மாவில் கிட்டங்கி (வட்டித்தொழில் நடந்த இடம்) நடத்திய செட்டியார் குடும்பங்களில், முதலாளியின் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருந்தும் கணக்கைச் சுத்தமாக வைத்திருந்த ஏஜெண்டை ‘விசுவாசமான ஆள்’ என்பார்கள். கோவிலுக்குள் போனால் கிறிஸ்தவர்களுக்கு அதே சொல் கடவுளை நம்புவதைக் குறிக்கும். சுகமளிக்கும் கூட்டங்களில் மட்டும் இதற்கு மூன்றாவதாக ஒரு பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது: நோய் தீர வேண்டுமானால் நோயாளி கொண்டுவந்து காட்ட வேண்டிய ஏதோ ஒரு சரக்கு. ஜெபித்தும் குணமாகாதவரைப் பார்த்து, “உங்களுக்கு விசுவாசம் பத்தலை” என்று சொல்வது இந்தப் பொருளில்தான். சொல்லின் பிறப்பும் இதை ஆதரிக்கவில்லை, கிறிஸ்தவ வேதாகமமும் ஆதரிக்கவில்லை.

விசுவாசம் வடசொல். ‘வி’ என்ற முன்னொட்டும், மூச்சு விடுதலைக் குறிக்கும் ‘ச்வஸ்’ என்ற வேரும் சேர்ந்தது. நாம் மூச்சுக்குச் சொல்லும் சுவாசமும் அதே வேரில் வந்ததுதான். பயம் நீங்கி நிம்மதியாக மூச்சு விடுகிற நிலை, அதிலிருந்து ஒருவர்மேல் வைக்கும் உறுதியான நம்பிக்கை என்று பொருள் விரிந்திருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு மனதைத் திடப்படுத்துவது என்ற பொருள் இதில் எங்கும் இல்லை. நேர் எதிரான நிலை அது.

மூல நூலுக்குப் போவோம். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் இருக்கும் சொல் பிஸ்திஸ். நம்புவதையும் அது குறிக்கும், நம்பத் தகுந்தவராக இருப்பதையும் குறிக்கும். பழைய ஏற்பாட்டின் எபிரேயத்தில் ‘எமூனா’: அசையாமல் நிற்கும் உறுதி. ஜெபத்தின் முடிவில் சொல்கிற ஆமென் இதே வேரில் பிறந்தது. இளையான்குடி முஸ்லிம்கள் சொல்லும் ஈமானும் இதற்கு உறவுச் சொல்தான், அரபு வழியாக வந்தது.

சிக்கல் தொடங்கும் வசனம் மாற்கு நற்செய்தி 5:34. பன்னிரண்டு வருடம் உதிரப்போக்கால் வாடிய பெண், கூட்டத்துக்குள் புகுந்து இயேசுவின் ஆடையைத் தொடுகிறாள். புராட்டஸ்டண்ட் சபைகள் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் அவர் சொல்வது: “மகளே, உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது.” கத்தோலிக்கர் வாசிக்கும் 1995 பொது மொழிபெயர்ப்பில் அதே இடத்தில், உன் நம்பிக்கை உன்னைக் குணமாக்கிற்று என்று இருக்கிறது. இரண்டும் சரிதான். அங்கே வரும் கிரேக்க வினைச்சொல்லுக்குக் காப்பாற்றுதல், குணமாக்குதல் என்ற இரண்டு பொருளும் உண்டு. ஆனால் இந்த ஒரு வசனத்தை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டால் விசுவாசமே மருந்து என்று ஆகிவிடும். மருந்து வேலை செய்யவில்லை என்றால் அளவு குறைவு என்ற முடிவுக்கும் வந்துவிடுவோம்.

மற்ற இடங்களையும் சேர்த்து வாசிக்க வேண்டும். திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்துவந்து கூரையைப் பிரித்து இறக்கியபோது, இயேசு ‘அவர்கள்’ விசுவாசத்தைக் கண்டார் என்று இருக்கிறது. படுத்திருந்தவன் எவ்வளவு நம்பினான் என்று யாரும் கேட்கவில்லை. பெதஸ்தா குளத்தங்கரையில் 38 வருடம் கிடந்த மனிதனுக்கு, தன்னைக் குணமாக்கியவர் யாரென்றே தெரியாது. நாயீன் ஊர் விதவை எதையும் கேட்கவில்லை. பாடையில் போன மகன் அவளுக்குத் திரும்பக் கிடைத்தான். குஷ்டரோகிகள் பத்துப் பேரும் சுத்தமானார்கள். ஆனால் ‘உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது’ என்ற வார்த்தை, நன்றி சொல்லத் திரும்பி வந்த ஒரே ஒரு சமாரியனுக்குத்தான் கிடைத்தது. உடம்பு குணமாவது மட்டும் அங்கே பேச்சில்லை என்பது இதிலேயே தெரிகிறது.

நாசரேத்தில் அவர்களுடைய அவிசுவாசத்தினால் அநேக அற்புதங்கள் நடக்கவில்லை என்ற வசனத்தை உடனே எடுத்துக் காட்டுவார்கள். சரி, இருக்கிறது. அந்த வசனம் சொல்வது, ‘இவன் தச்சன்தானே’ என்று இளக்காரமாகப் பேசிய ஊரைப் பற்றி. அங்கேயும் சில நோயாளிகள்மேல் கைவைத்துக் குணமாக்கினார் என்று அதே இடத்தில் மாற்கு எழுதியிருக்கிறார். யாக்கோபின் கடிதத்தில் ‘விசுவாசமுள்ள ஜெபம்’ பிணியாளியை இரட்சிக்கும் என்று வருகிறதே, அது யார் செய்யும் ஜெபம்? எண்ணெய் பூச அழைக்கப்பட்ட சபை மூப்பர்களுடையது. நோயாளியின் வேலை அவர்களை வரவழைப்பது மட்டும். அப்போஸ்தலர் பவுலை எடுத்துக்கொண்டாலும், தன் உடம்பில் தைத்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார், நீங்கவில்லை. தன்னுடன் வந்த துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாகவே விட்டுவிட்டுப் போனார். பவுலுக்கு விசுவாசம் பத்தவில்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

எங்கள் சீமையிலேயே இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. மறவர் நாட்டில் சிறுவல்லியை ஆண்ட தடியத் தேவர் நோயில் விழுந்து, எதுவும் பலிக்காமல் கிறிஸ்தவர்களுக்கு ஆள் அனுப்பினார். உபதேசியார் ஒருவர் வந்து நற்செய்தி வாசித்து ஜெபிக்க, அவர் எழுந்தார் என்று சேசு சபையினரின் வரலாறு சொல்கிறது. அப்போது அவர் கிறிஸ்தவர் இல்லை. குணமான பிறகுதான் ஞானஸ்நானம் கேட்டார். 1693 ஜனவரி 6 அன்று சேசு சபைக் குருவான அருளானந்தர் என்ற ஜான் டி பிரிட்டோ கொடுத்தார். ஒரு மனைவியோடு மட்டும் வாழ முடிவெடுத்துத் தேவர் மற்றவர்களை விலக்க, அதில் ஒருத்தி மறவர் நாட்டு மன்னர் சேதுபதியின் உறவுக்காரி. பிரிட்டோமேல் பகை மூண்டது. பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் பிரிட்டோவின் தலை வெட்டப்பட்டது. ஞானஸ்நானம் பெறாதவர் பிழைத்தார், நம்பி ஊர் ஊராக நடந்தவர் மடிந்தார். விசுவாசத்தை நிறுத்துப் பார்க்கிற தராசு எதிலும் இந்தக் கணக்கு அடங்காது.

ஓரியூர்ச் செம்மண்ணை இன்றும் மக்கள் நோய்க்கென்று எடுத்துப் போகிறார்கள். தேவகோட்டைக்கு அருகே சருகணியில், 1973-ல் காலமான லெவே அடிகளாரின் கல்லறையிலும் மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொள்கிறார்கள். வருகிறவர்கள் எல்லோரும் கிறிஸ்தவர்கள் அல்லர். கிறிஸ்தவர்கள் தங்கள் நம்பிக்கையை அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணத்தில் ஒரு வரிகூடத் தெரியாத ஆச்சிமார் இருப்பார்கள். அவர்களிடம் இருப்பதை எந்தச் சொல்லால் சொல்வது?

அங்கேதான் தமிழ்ச் சொல் தேவைப்படுகிறது. நம்பிக்கை என்பதே பொருத்தம் என்பது என் எண்ணம். ‘நம்பும் மேவும் நசையா கும்மே’ என்கிறது தொல்காப்பியம்: நம்பு என்றால் விருப்பம். பிறகுதான் ஒருவர்மேல் உறுதி வைப்பது என்ற பொருள் நிலைத்தது. விரும்பி ஒருவரைச் சார்வது என்று இரண்டையும் சேர்த்தால், ஆடையைத் தொட்ட அந்தப் பெண் செய்தது அதுவேதான். தனித்தமிழில் எழுதுவோர் பற்றுறுதி என்பதுண்டு. நல்ல சொல், ஆனால் உறுதி என்ற பாதி மறுபடியும் நோயாளியின் தலையில் சுமையை ஏற்றிவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது. வள்ளுவர் ஆளும் தெளிவு என்ற சொல்லும் உண்டு. ‘தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்’ என்ற குறளில், ஆராயாமல் நம்புவதும் துன்பம், நம்பியபின் சந்தேகப்படுவதும் துன்பம். இன்சுலினை நிறுத்து, அதுதான் விசுவாசத்துக்கு அடையாளம் என்று யாராவது சொன்னால் இந்தக் குறளின் முதல் பாதியை நினைத்துக்கொள்ளுங்கள். மருந்துகளை நிலத்திலிருந்து படைத்தவரே ஆண்டவர்தான் என்று கத்தோலிக்க வேதாகமத்தின் சீராக் நூலும் சொல்கிறது.

புழக்கத்தில் ஒரு தடங்கல் உண்டு. பழைய மொழிபெயர்ப்பில் ‘விசுவாசம், நம்பிக்கை, அன்பு’ என்று மூன்றும் தனித்தனி. அங்கே நம்பிக்கை என்பது வரப்போவதை எதிர்பார்ப்பது. பொது மொழிபெயர்ப்பு ‘நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு’ என்று பிரித்துக்கொண்டது. ஒரே ஜெபத்தில் இரண்டு சபையாரும் இருந்தால், எந்த நம்பிக்கையைச் சொல்கிறோம் என்று ஒரு வார்த்தை விளக்கிவிடுவது நல்லது. அற்புதத்துக்கும் இதே கதைதான். பழைய கத்தோலிக்கர் அதைப் புதுமை என்பார்கள், இப்போது வல்ல செயல் என்கிறார்கள்.

அவிசுவாசம் என்பதற்கு நம்பிக்கையின்மை போதும். அந்தச் சொல்லைத் தன்மேல் தானே போட்டுக்கொண்ட ஒருவர் மாற்கு 9-ல் இருக்கிறார். வலிப்பு வந்த மகனைக் கூட்டிவந்த தகப்பன், “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று கண்ணீரோடு கத்தினார். பையன் குணமானான்.