பாடி காம்போசிஷன்: தமிழில் எப்படிச் சொல்வது?

வேலூரில் காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் ஜிம்மில் புதிதாகச் சேரும் பெண்களைச் சில இடங்களில் வெறுங்காலோடு ஒரு மெஷினில் ஏற்றி நிறுத்துகிறார்கள். அது தரும் சீட்டில் இருக்கும் சொல்தான் ‘பாடி காம்போசிஷன்’. உடம்பு எடையில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு, எலும்பும் தண்ணீரும் எவ்வளவு என்ற பங்குக் கணக்கு.

லத்தீனில் ‘காம்’ என்றால் ஒன்றாக, ‘பொனேரே’ என்றால் வைப்பது. தமிழில் பலரும் ‘உடலமைப்பு’ என்று எழுதுகிறார்கள். அது வெளியே தெரியும் வாகு. ‘உடற்கூறு’ அனாட்டமிக்குப் போய்விட்டது. என் ஓட்டு ‘உடல் இயைபு’க்குத்தான். வேதியியலில் ஏற்கெனவே காம்போசிஷனுக்கு இயைபு என்றுதான் சொல்கிறோம். அதே சீட்டில் வரும் ‘லீன் மாஸ்’ஸை ‘மெலிந்த நிறை’ ஆக்குவது அபத்தம். மெலிவுக்கு அங்கே வேலையே இல்லை. ‘கொழுப்பில்லா நிறை’ போதும்.

எடை வேறு, இயைபு வேறு. நம்ம சத்துவாச்சாரி பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் வாங்கியது 77 கிலோ பிரிவில். அதே 77 கிலோவில், உடற்பயிற்சியே இல்லாத ஒருவரிடம் கொழுப்பின் பங்கு மிக அதிகமாக இருக்கலாம். தராசுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பெண்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. உடம்பு இயங்கவே ஆணுக்கு 2 முதல் 5 சதவீதம் கொழுப்பு போதும் என்பார்கள். பெண்ணுக்கு 10 முதல் 13 வேண்டும். அண்ணனுடைய சீட்டோடு தங்கச்சி சீட்டை ஒப்பிடுவது வீண்.

“இன்னாக்கா, ஒரு மாசமா வரேன், ஒரு கிலோகூட எறங்கல” என்ற புலம்பலுக்கும் பதில் இயைபில்தான் இருக்கிறது. எடை தூக்க ஆரம்பித்ததும் தசை கூடுதலாக கிளைகோஜனை, அதாவது மாவுச்சத்தின் சேமிப்பு வடிவத்தை, சேமிக்கும். அது ஒரு கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். மாதவிடாய்க்கு முன்னால் கோத்துக்கொள்ளும் நீர் தனி. கொழுப்பு கரைந்துகொண்டிருந்தாலும் முள் அசையாது. ஜாக்கெட் கை தளர்வது முதலில் தெரியும்.

சரி, மெஷின் சொல்வது வேதவாக்கா? இல்லை. மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி, உடம்பு அதை எவ்வளவு தடுக்கிறது என்று பார்த்துத்தான் அது கணக்குப் போடுகிறது. தண்ணீர் மின்சாரத்தைப் போக விடும், கொழுப்பு தடுக்கும். வேலூர் மே மாத வெயிலில் வியர்த்துக் கொட்டி, உடம்பில் தண்ணீர் வற்றிய நிலையில் ஏறினால் இல்லாத கொழுப்பையும் காட்டலாம். காலையில், வெறும் வயிற்றில், எப்போதும் அதே மெஷினில் பாருங்கள். கர்ப்பிணிகளும் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் அதில் ஏறவே வேண்டாம்.