எம்பெடட்: பொதிந்ததா, பதிந்ததா?

ஹட்டனில் என் பட்டறை மேசையில் இப்போது கிடப்பது தேயிலைக் கொழுந்து நிறுக்கும் டிஜிட்டல் தராசு. மூன்று நாள் விடாமல் மழை பெய்தால் இப்படி ஒன்றிரண்டு வந்துவிடும். நிறையை உணரும் லோட்செல்லின் வயரில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். தட்டு வெறுமையாக இருக்கும்போதே 300 கிராம் காட்டும். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒரு சண்டை மூள அது போதும்.

மூடியைக் கழற்றினால் உள்ளே நகத்தளவில் ஒரு கறுப்புச் சில்லு. ஏடிமெகா8. செய்நிரலுக்கு 8 கிலோபைட், ரேம் 1 கிலோபைட், அவ்வளவுதான். நிறையை வாங்கி, சாக்கின் நிறையைக் கழித்து, திரையில் எண்ணைக் காட்டுவது இதுதான். இதுவும் கணினிதான், ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை, தராசு என்பார்கள். இப்படி இன்னொரு கருவிக்குள் அடங்கி, அதன் பெயரிலேயே வாழ்கிற கணினியைத்தான் எம்பெடட் சிஸ்டம் என்கிறோம்.

எம்பெட் என்ற ஆங்கிலச் சொல்லின் அடி பெட். படுக்கை என்ற பொருள் எல்லோருக்கும் தெரியும். தோட்டத்துப் பாத்திக்கும், பாறை அடுக்குக்கும்கூட அதே சொல்தான். 18ஆம் நூற்றாண்டில் நிலவியல்காரர்கள்தான் எம்பெட் என்று எழுதத் தொடங்கினார்கள், பாறைக்குள் இறுகிக் கிடக்கும் புதைபடிவங்களைப் பற்றி. கணினிக்கு அது வந்து சேர்ந்தது வெகு பின்னால்.

தமிழில் அதிகம் கண்ணில் படுவது 'உட்பொதிந்த முறைமை'. சிஸ்டத்துக்கு இந்தியாவில் அமைப்பு என்பார்கள், நமக்கு முறைமை; அதில் எனக்குச் சச்சரவு இல்லை. சச்சரவு 'பொதி'யோடுதான். பொதி என்றால் சுற்றிக் கட்டியது. சோற்றுப் பொதி, பயணப் பொதி, பொதி மாடு. பொதியை அவிழ்க்கலாம், உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்துக் கட்டலாம். தராசுக்குள் இருக்கும் சில்லு அப்படியா இருக்கிறது? அது பலகையில் ஈயம் வைத்துப் பற்றவைக்கப்பட்டது. மோதிரத்தில் கல் பதிப்பதுபோல.

ஆகவே என் ஓட்டு 'பதி'க்கு. பதிகணினி என்று சிலர் எழுதவும் செய்கிறார்கள். பதிவேட்டையோ புருஷனையோ நினைவூட்டும் என்ற குறை உண்டுதான். ஆனால் மலையகத்தில் இந்தச் சொல்லுக்கு மண்வாசனையே இருக்கிறது. பள்ளிக்கூடத்து விஞ்ஞானப் புத்தகத்தில் 'பதியமுறை இனப்பெருக்கம்' படித்தோமே, அதே பதி. வி.பி. தேயிலை என்று தோட்டத்தில் சொல்வதும் அந்த முறையில் வந்ததுதான். தவறணையில், அதாவது நாற்றுமேடையில், ஒற்றை இலைத் துண்டைப் பொலித்தீன் பையில் ஊன்றி, மாதக்கணக்காகக் காத்து, நடும்போது பையைக் கிழித்து, வேர்மண் உதிராமல் குழிக்குள் இறக்குவார்கள். மண் உதிர்ந்தால் கன்று பிழைப்பது சந்தேகம்.

பட்டறையில் வேலை பழகும் தம்பி ஒருவன் அன்றைக்குக் கேட்ட கேள்விக்கும் இதுதான் எனக்குப் பதிலாகத் தோன்றியது. "அண்ணே, ரஸ்ட் எவ்வளவு பாதுகாப்பான மொழி! ஏன் இன்னும் எல்லாரும் சியிலேயே எழுதுறாங்க?"

தம்பி கேட்டது கணினிக்கு நிரல் எழுதும் மொழிகளைப் பற்றி. அவற்றில் ரஸ்ட், ஏடா, ஃபோர்த், ஸிக் போன்றவற்றை ஆங்கிலத்தில் நீஷ் மொழிகள் என்பார்கள். நீஷ் என்பது சிலை வைக்கச் சுவரில் விடும் குழிவு. நம் மாடக்குழியேதான். விளக்கு அங்கே அழகாக எரியும், வீட்டுக்குள் இறங்கி நடக்காது. மாடக்குழி மொழி என்றே சொல்லிவிடலாம்.

சி மொழி 1972 வாக்கில் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கியது. நினைவகத்தைக் கண்டபடி தொட விடும் மொழி அது. கார் தொழிற்துறை 1998இல் மிஸ்ரா என்று ஒரு விதித்தொகுப்பே போட்டு அதைக் கட்டி வைக்க வேண்டியிருந்தது. ஆனாலும் சில்லு செய்கிற நிறுவனம் தன் பதிவகங்களின் (சில்லை இயக்கும் உள் அறைகளின்) முகவரிகளைத் தருவது சி தலைப்புக் கோப்பாக. மாதிரிச் செய்நிரல் சியில். பிழை தேடும் கருவி சியை நினைத்துச் செய்தது. பத்து வருடத்துக்கு முன் ஒருவர் எழுதிவிட்டுப் போனதும் சி, அதைத் திருத்தத் தெரிந்த ஆள் கிடைப்பதும் சிக்குத்தான். இதெல்லாம் வேர்மண். புது மொழி வரும்போது கன்று மட்டும் வருகிறது.

மேலிடம் உத்தரவு போட்டால் நடக்காதா? போட்டுப் பார்த்தார்கள். ஏடாவை வளர்த்ததே அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம்; 1983இல் அது அதிகாரபூர்வத் தரநிலையானது, 1991இல் அதற்குச் சட்டமே நடைமுறைக்கு வந்தது, 1997இல் அந்தக் கட்டாயம் கைவிடப்பட்டது. விமானத்திலும் ரயில் சமிக்ஞையிலும் அது இன்றும் நன்றாகவே ஓடுகிறது, தன் மாடத்தில்.

ரஸ்ட்டின் முதல் நிலையான பதிப்பு 2015இல் வந்தது. காரின் பாதுகாப்புப் பாகங்களுக்கான ஐஎஸ்ஓ 26262 தரத்துக்கு ஃபெரோசீன் என்ற ரஸ்ட் கம்பைலர் (எழுதிய நிரலைச் சில்லுக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருள்) தகுதி பெற்றது 2023இல். கன்று வேர்விட எட்டு வருடம். நம் தராசில் உள்ள ஏவிஆர் குடும்பச் சில்லுகளுக்கு ரஸ்ட் கம்பைலரில் இடம் கிடைத்ததே 2020இல்தான், அதுவும் சோதனைப் பதிப்பில். ஈஎஸ்பி32 பலகைகளில் உள்ள எக்ஸ்டென்சா சில்லுகளுக்கு இன்னொரு தொல்லை: அதைச் செய்யும் நிறுவனமே தனியாகப் பராமரிக்கும் கம்பைலரை இறக்க வேண்டும். ஆர்ம் சில்லுகளில் நிலைமை எவ்வளவோ மேல். தம்பிக்கு நான் அங்கே தொடங்கச் சொல்வேன்.

அவன் விடவில்லை. பழைய ஏடிமெகா8 ஒன்றை எடுத்து, ரஸ்ட்டில் ஒரு எல்ஈடியை மின்னவைக்க இரண்டு இரவு விழித்தான். மின்னியது. அப்புறம் திரைக்கு எழுத்து அனுப்ப, யாராவது எழுதி வைத்த நிரல் நூலகம் தேடினான். கிடைத்தது வேறு சில்லுக்கு எழுதியது. அதை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும்போதே தோட்டத்திலிருந்து ஃபோன்: அந்திக் கொழுந்து நிறுக்கத் தராசு வேணும்.

நான் வயரை மாற்றி, களிம்பைத் துடைத்து, 5 கிலோ படிக்கல்லை வைத்துச் சரிபார்த்தேன். உள்ளே இருந்த சி நிரலைத் தொடவே இல்லை. பில்லில் எம்பெடட் என்றும் எழுதவில்லை, பதிகணினி என்றும் எழுதவில்லை. 'தராசு, வயர் மாற்றம்' என்று எழுதிக் கொடுத்தேன். தம்பியின் எல்ஈடி மேசை மூலையில் இன்னும் மின்னிக்கொண்டிருக்கிறது.